காரைப் பின்புறமாக விட்டு நிறுத்துவதா, முன்புறமாகவா?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைகளுக்குப் போனாலும், பேரப்பிள்ளைகளை ஏற்றத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும், என் மகன் கோஸ்தான் எடுத்துத்தான், அதாவது பின்னோக்கி விட்டுத்தான், காரை நிறுத்துகிறான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நேராக விட்டால் என்ன என்று என் கணவர் கடிந்துகொள்கிறார். எது சரி, ஐயா?
– தோட்டப்புற வாசகி, பேராக்

பதில்: உங்கள் மகன் செய்வதே சரி, அம்மா. எப்படி நிறுத்தினாலும் வரும்போதோ கிளம்பும்போதோ ஒருமுறை பின்னோக்கி ஓட்டித்தான் ஆக வேண்டும். வரும்போதே அதைச் செய்துவிட்டால், சற்றுமுன் கண்ணால் பார்த்த காலி இடத்துக்குள் கார் போகிறது. கிளம்பும்போது செய்தாலோ, இரு பக்கமும் வேன்கள் மறைத்து நிற்க, யார் வருகிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியுமுன்பே காரின் பின்பகுதி வழியில் நீண்டுவிடுகிறது. பள்ளி விடும் நேரத்தில், பின்கண்ணாடி உயரத்துக்குக்கூட வளராத முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கார்களுக்கு நடுவே ஓடுவதை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். கேமரா இருக்கிறதே என்பார்கள்; மழைத்துளி படிந்த கேமராவை நம்பிப் பிள்ளைகள் நடுவே பின்னால் எடுக்கலாகாது.

குறுகிய வழியிலும் இதுவே எளிது. திரும்புபவை முன்சக்கரங்கள் என்பதால், முன்னோக்கி நுழையும்போது பின்சக்கரங்கள் உட்புறமாக வெட்டிச் சென்று பக்கத்துக் காரை உரசப் பார்க்கும். பின்னோக்கி விடும்போது பின்பகுதி முதலில் இடத்துக்குள் அமர, முன்பகுதியை வேண்டிய அளவு திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அப்போது காரின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். மோட்டார் சைக்கிள்கள் இடைவெளியில் நுழைந்து வரும் நம் பட்டணங்களில், பின்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆபத்து.

உங்கள் கணவர் சொல்வது பொருந்தும் இடங்களும் உண்டு. கடைவரிசையின் ஐந்தடியை, அதாவது கடைமுன் நடைபாதையை, ஒட்டிப் பின்புறமாக நிறுத்தினால், அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முகத்தில் புகை அடிக்கும். போகும் திசைக்குச் சாய்வாகக் கோடு போட்ட இடங்கள் முன்புறமாக நுழைவதற்கென்றே அமைந்தவை. அரிசி மூட்டையைப் பின்பெட்டியில் ஏற்றுவதற்கும் அதுதான் வசதி.

ஹாரன் சத்தத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: காலி இடத்தைத் தாண்டுவதற்கு முன்பே மகன் சிக்னல் போட்டு வேகத்தைக் குறைக்கட்டும். பின்னால் வருகிறவர் நெருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இடம் விட்டு நிற்க, அந்த அறிவிப்பு பெரும்பாலும் போதுமானது.