உலக அரசியல் நம் கையிலிருக்கும் பொருளின் வடிவத்தை மாற்றுமா?

கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் நீங்கள் டிசைன் படிக்கிற மாணவர் போலத் தெரிகிறது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன், அதாவது தோலும் துணியும் வெட்டுவதற்கான வடிவம், போடுகிறவன். டிகிரி கிடையாது. "இவன் யார் சொல்ல" என்று கிளம்புகிறவர்கள் கிளம்பட்டும்.

மாற்றும். நெட்டில் மேயும்போது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரியை ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்கா 1964-ல் வெளிநாட்டு சரக்கு வேன்களுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தும் அந்த வரி ஓயவில்லை. ஃபோர்டு கம்பெனி துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேனில் பின் சீட்டை வைத்து, பயணிகள் வண்டி என்று 2.5 சதவீத வரியில் இறக்கியது. இறங்கியதும் சீட்டைக் கழற்றி சரக்கு வேனாக விற்றது. 2024-ல் 365 மில்லியன் டாலர் கட்டித்தான் அந்த விவகாரத்தை முடித்தார்கள். கழற்றுவதற்காகவே ஒரு சீட்டை டிசைன் செய்தவர் எங்கோ இருக்கிறார், பாவம்.

அந்தப் பாவம் எனக்குப் புரியும். நான் ஒரு மாடல் வரைந்தேன்: பக்கவாட்டு முழுக்க கேன்வாஸ், மூக்கிலும் குதிகாலிலும் மட்டும் தோல். சாம்பிள் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்களிடம் ஷூ வாங்குகிற அமெரிக்க பையரிடமிருந்து மெயில் வந்தது, தோல் பாதிக்கு மேல் வர வேண்டும் என்று. அங்கே கஸ்டம்ஸ் கணக்கில் ஷூவின் மேல்பாகத்தில் வெளியே தெரிகிற பரப்பில் எது அதிகமோ அதுதான் அந்த ஷூவின் பொருள். தோல் ஷூவுக்குப் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டிய வரி; துணி மேல்பாகம், ரப்பர் அடி என்றால் சிலவற்றுக்கு 37.5 சதவீதமும் உண்டு. சரி, மேலே நாலு தோல் பேட்ச் ஒட்டிவிடலாம் என்றால், பேட்ச், ஓரப்பட்டை, அலங்காரம் எதுவும் கணக்கில் சேராது. மூக்குத் தோலைப் பின்னால் இழுத்து, குதிகால் தோலை முன்னால் இழுத்து, கேன்வாஸை ஒரு ஜன்னல் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

"பாய், இது வேட்டிக்கு மேல கோட்டு போட்ட மாதிரி இருக்கு" என்று எங்கள் கம்பெனிப் பெரியவரிடம் சொன்னேன்.

"அழகு கெடக்கட்டும் தம்பி, ஏரியா கணக்கு சரியா வந்துச்சா?" என்றார் அவர்.

வந்தது. ஆர்டரும் வந்தது. ஆனாலும் அந்த முதல் சாம்பிள்தான் நல்ல ஷூ, இதை யாரிடம் வேண்டுமானாலும் வாதிடுவேன்.

இது வரி ஏய்ப்பு என்று சிலர் கீழே எழுதுவார்கள். இல்லைங்க. நிறம் பார்த்து, கருப்பாக இருந்தால் குறைவாக, சர்க்கரைக்கு வரி போட்ட காலத்தில், கருப்பாகவே காய்ச்சி அனுப்பிய சர்க்கரை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1881-ல் சொல்லிவிட்டது. அனுப்புவது உண்மையாகவே அந்தப் பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கஸ்டம்ஸ் வக்கீல்கள் நுணுக்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வித்தைக்கும் ஒரு எல்லை உண்டு. 2025 ஆகஸ்ட் 27-ல் ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியதே, அதற்கு எந்தத் தோலைக் கூட்டியிருக்க முடியும், எதைக் குறைத்திருக்க முடியும்? பொருளைப் பார்த்துப் போட்ட வரியைப் பேட்டர்ன் மேசையில் சமாளிக்கலாம். ஊரைப் பார்த்துப் போட்டால் மேசையையே வேறு நாட்டுக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

     

ஷூவின் படம் போடச் சொல்லாதீர்கள், பையர் மாடலை வெளியே காட்டக் கூடாது.