31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு டியூப் வழியாகவே பால் போகிறது. இதே பழகிவிட்டால் வாயால் குடிக்க மறந்துவிடுமா?

மறக்காது. அது இன்னும் குடிக்கவே கற்றுக்கொள்ளவில்லை.

சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். மூன்றும் முட்டிக்கொள்ளாமல் நடக்க, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகிவிடும். அதற்கு முன் அவசரப்பட்டு வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். டியூப் அந்த இடைவெளிக்குத்தான். சில இடங்களில் அதை மூக்கில் விடாமல் வாய் வழியாக விடுவார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அவ்வளவு சின்ன மூக்கை மூச்சுக்காக விட்டுவைக்கிறார்கள்.

என் மகளும் குறைமாதக் குழந்தைதான். பால் கொடுக்கும் நேரத்தில் சிஸ்டர் வெறும் சிரிஞ்சை, உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, டியூபில் மாட்டித் தூக்கிப் பிடிப்பார். அழுத்தவே மாட்டார். பால் தானாக இறங்கும். வேகமாகப் போனால் கையைக் கொஞ்சம் தாழ்த்துவார். அந்த நேரத்தில் என்னைப் பால் பீச்சி முடித்த மார்பில் அவளைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அவள் சும்மா நக்குவாள், இரண்டு தடவை சப்புவாள், தூங்கிவிடுவாள். வயிறு நிறைவதையும் சப்புவதையும் குழந்தை சேர்த்துப் பழக இது உதவுமாம். உங்கள் வார்டில் அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். கங்காரு முறையில் நெஞ்சோடு வைத்துக்கொள்வதையும் கேளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை அது. பால் சுரக்கவும் நல்லது.

பால் பீச்சுவதை மட்டும் விடாதீர்கள், ராத்திரியிலும்கூட. முதலில் சில சொட்டுதான் வரும், பரவாயில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மோசமான குடல் அழற்சியின் ஆபத்தைத் தாய்ப்பால் குறைக்கிறது. வயிறு உப்பினாலோ பச்சையாக எதுக்களித்தாலோ பாலை நிறுத்திவைப்பார்கள். "பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களே" என்று வீட்டில் புலம்புவார்கள். அந்தக் குடல் பிரச்சினையாக இருக்குமோ என்று பார்க்கத்தான் நிறுத்துகிறார்கள்.

அடுத்தது பாலாடை, அதாவது பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அப்புறம் மார்பு. டியூபை ஒரே நாளில் எடுத்துவிட மாட்டார்கள். ஒருவேளை வாயால், மறுவேளை டியூபில் என்று போகும். இங்கேதான் பொறுமை வேண்டும். விரல்களை விரைப்பாக விரித்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ, கடைவாயில் பால் வழிந்தாலோ குழந்தைக்குப் போதும் என்று அர்த்தம். நிறுத்துங்கள், மீதி டியூபில் போகட்டும். உதடு நீலம் பாரித்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். என் கணிப்பில், பின்னாளில் ஸ்பூனைக் கண்டாலே ஓங்கரிக்கும் குழந்தைகள் பலருக்கு டியூபைவிட இந்தத் திணிப்புதான் வினை. அப்படி ஓங்கரித்தால் விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டலாம்.

இட்லி மசித்துக் கொடுக்க 6 மாதம் எண்ணும்போதும் பிறந்த தேதியை எடுக்காதீர்கள். டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.