மர மாதிரிக் கப்பல் கிட்: ஒட்டும்போது சமமாகத் தெரிந்த பலகைகள், வார்னிஷ் அடித்ததும் அலையலையாகவும் திட்டுத்திட்டாகவும் தெரிவது ஏன்?

குறை வார்னிஷில் இல்லை. ஈரம் பட்டதும் மரத்தில் வெளிச்சம் விழுகிற விதம் மாறிவிடும், அதனால் அதுவரை கண்ணில் படாததெல்லாம் வெளியே வருகிறது. அலை பெரும்பாலும் முதல் பலகையை ஒட்டுவதற்கு முன்பே உருவானது. வெளிர்திட்டு சூப்பர் க்ளூ செய்த வேலை.

அலையை முதலில் பார்ப்போம். கிட்டில் வரும் குறுக்குச் சட்டங்கள், அதாவது பலகைகளைத் தாங்கும் விலா எலும்புகள், லேசரில் வெட்டப்பட்டவை. அவற்றின் விளிம்பு நேர் 90 டிகிரியில் நிற்கும். கப்பலின் நடுப்பகுதிக்கு அது போதும். ஆனால் அணியத்தை (முன்முனையை) நோக்கியும் பின்பக்கத்தை நோக்கியும் உடல் குறுகும்போது, பலகை அந்த விளிம்பின் ஒரு மூலையில் மட்டும்தான் உட்காரும். பசைக்குப் பிடிமானம் இருக்காது, சட்டம் இருக்குமிடமெல்லாம் பலகை புடைத்துத் தெரியும். அதனால் விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். லேசர் கருக்கிய நிறமே இதற்கு அளவுகோல். முன்பாதிச் சட்டங்களில் முன்மூலையையும் பின்பாதிச் சட்டங்களில் பின்மூலையையும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். நடுக்கப்பலைப் பார்த்திருக்கும் மூலையில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சினால் சரி. அதுவும் அழிந்தால் சட்டம் குட்டையாகிவிட்டது என்று பொருள். அப்படி நேர்ந்தால் 0.5 மிமீ பட்டை ஒன்றை ஒட்டி மறுபடி சீவுங்கள்.

சோதிப்பது எளிது. கிட்டில் வந்த பலகை ஒன்றையே எடுத்து, ஒரே நேரத்தில் நான்கு சட்டங்கள் மேல் விரலால் அழுத்திப் பிடியுங்கள். எந்தச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. இதை மேலிருந்து கீழ்வரை பல உயரங்களில் செய்து பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு முழு மாலை போகும். பலரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதுதான் பிரச்சினை. அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா என்ற மென்மரக் கட்டை வைத்து வடிவம் செதுக்கிவிட்டால், வளைவு அதிகமுள்ள அந்த இடத்தில் பலகைக்கு முழு ஆதாரம் கிடைக்கும்.

அலைக்கு இரண்டாவது காரணம், பலகைகளை நுனியை நோக்கி அகலம் குறைக்காமல் ஒட்டுவது. பலகை தட்டையான பக்கமாக வளையும். பக்கவாட்டில் வளைக்கப் போனால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும், ஓட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காகிவிடும். கணக்கு இப்படி: நடுச் சட்டத்தின் விளிம்பு நீளத்தைத் தாள் பட்டையால் அளந்தால் 100 மிமீ வருகிறது, பலகை 5 மிமீ அகலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 20 பலகை. அதே 20 பலகை அணியத்தில் 60 மிமீக்குள் அடங்க வேண்டும், எனவே அங்கே ஒவ்வொன்றும் 3 மிமீ. இடையில் உள்ள சட்டங்களுக்கும் இதேபோல் வகுத்து, பென்சிலால் சட்டங்களிலேயே குறித்துவிடுங்கள். கணக்கு 2.5 மிமீக்குக் கீழே, அதாவது பாதி அகலத்துக்கும் குறைவாகப் போனால் அந்த மெல்லிய நுனி உடையும். அங்கே இரண்டு பலகைகளை முடித்து ஒன்றாக்குங்கள். பின்பக்கம் நேர்மாறு: அங்கே விளிம்பு 115 மிமீ என்றால் 20 பலகையால் நிரப்ப முடியாது, அங்கே இடைவெளிக்கு ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டிவரும். இடம், வலம் என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரே பக்கத்தை முடித்தால் கீல் (கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை) முறுக்கிக்கொள்ளும், பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை.

வளைப்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டாதீர்கள். மரம் ஈரத்தில் அகலவாட்டில் உப்பும், காய்ந்ததும் சுருங்கி இடுக்கு விடும். ஊறியதை அதே வளைவில் கிளிப் போட்டுக் காயவைத்து, பிறகு ஒட்டுங்கள்.

இரட்டைப் பலகைக் கிட் என்றால் முதல் அடுக்கில்தான் பட்டி பார்த்து, 120, 180 உப்புத்தாளால் முழுதும் சமமாக்க வேண்டும். வெளி அடுக்கு பெரும்பாலும் 0.5 முதல் 1 மிமீ கனம்தான். அதில் மேட்டைக் குறைக்கலாம் என்று தேய்த்தால் அடியில் உள்ள மரம் எட்டிப்பார்த்துவிடும். வெளி அடுக்குக்கு 240இல் ஆரம்பித்து 320இல் முடியுங்கள், மர ரேகையின் போக்கில் மட்டும்.

திட்டு விஷயம். சூப்பர் க்ளூ மரத்தின் துளைகளுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடுவதால், வார்னிஷோ ஸ்டெயினோ அந்த இடத்தில் ஊறாது. சுற்றி மரம் அடர்நிறமாக, க்ளூ பட்ட இடம் மட்டும் வெளிறி நிற்கும். வெளி அடுக்குக்கு வெள்ளைப் பசையான பிவிஏ நல்லது, வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். வால்நட் மாதிரி அடர்நிற மரத்தில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். வார்னிஷுக்கு முன் மினரல் டர்பன்டைனால் மேற்பரப்பை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மரம் முழுதும் கறுக்க, பசை உள்ள இடம் மட்டும் கறுக்காமல் நிற்கும். அவற்றைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டு, டர்பன்டைன் உலர்ந்தபின் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள்.

பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி நீர்த்து, துணியால் தடவுங்கள். காய்ந்ததும் 400 உப்புத்தாள், மேலே இரண்டு மெல்லிய கோட். பளபளப்பு வேண்டாம்; மேட் அல்லது சாட்டின் போதும், பளபளப்பு வார்னிஷ் பூசிய சிறு கப்பல் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். மேல்தளத்தில் கலஃபாத்துக் கோட்டுக்கு (பலகை இடுக்குகளை அடைத்ததைக் காட்டும் கறுப்புக் கோடு) மார்க்கர் பேனா உபயோகித்திருந்தால் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சின் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள ஆல்கஹால் மையைக் கரைத்து இழுக்கும். பென்சில் கரி அப்படிக் கரையாது. வார்னிஷுக்குப் பதில் டங் ஆயில், லின்சீட் ஆயில் பூசினால், அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. எண்ணெய் காயும்போது வெப்பம் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

உங்கள் கப்பல் ஏற்கெனவே வார்னிஷ் ஆகிவிட்டதே? திட்டு சில இடங்களில் மட்டும் என்றால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். அலை பெரியதாக இருந்து, வெளி அடுக்கும் மெல்லியதாக இருந்தால் மேலும் தேய்க்க வேண்டாம். நீர்க்கோட்டுக்குக் கீழே மேற்பரப்பை மங்கலாக்கி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மங்கிய வெண்மையில் பெயின்ட் செய்துவிடுங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில், செப்புத் தகடு வழக்கமாவதற்கு முன், அடிப்பகுதியில் திமிங்கில எண்ணெய், ரோசின், கந்தகம் கலந்த வெளிர்நிறப் பூச்சுதான் பூசினார்கள், ஆகவே அந்தக் காலத்துக் கப்பலாக இருந்தால் வரலாற்றுக்கும் பொருந்தும். மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் நிறமற்ற வார்னிஷ் ஒரு கோட் தடவுங்கள்; ரேகை வழியாகப் பெயின்ட் மேலே கசியாது.