இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்

கேள்வி: என்னுடையது 50 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப்; 8 ஓம் (மின்தடை அளவு) அவுட்புட். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட ஆசை. செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் மாடல் ஒன்று, வின்டேஜ் 30 மாடல் ஒன்று எனக் கலக்கலாமா?

பதில்: தாராளமாகக் கலக்கலாம், நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் கணக்கில் கவனம். கிரீன்பேக் தாங்குவது 25 வாட், ‘வின்டேஜ் 30’ தாங்குவது அறுபது வாட். கூட்டினால் 85 என்று நினைத்துவிடாதீர்கள். ஓம் சமமாக இருந்தால் இரண்டுக்கும் சக்தி பாதிப் பாதியாகத்தான் போகும். ஆகவே தாங்கும் எல்லை 25-இன் இரு மடங்கு, அதாவது 50 மட்டுமே. வால்யூமை முழுக்கத் திருகினால் 50 வாட் வால்வு ஆம்ப் அதையும் தாண்டும். ஒரு ஒத்திகையில் இப்படித்தான் என் கிரீன்பேக்கின் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகியது. அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை! அடக்கி வாசிப்பவர் என்றால் சரி. இல்லையென்றால் இரண்டுமே வின்டேஜ் 30 போடுங்கள். மிட் (நடுத்தர ஒலிகள்) கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

அப்புறம், 16 ஓம் ஸ்பீக்கர்களாக வாங்கி பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணையுங்கள். உங்கள் ஆம்புக்குப் பொருந்தும் 8 ஓம் கிடைக்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) காணாமல் போகும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை மட்டும் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.