முனியப்பர் கோயிலடியில் ஒரு ஜெனீவா

கேள்வி: மகனிடம் ஜெனீவா போயிருந்தேன். ஏரிக்கரையில் வானத்தைத் தொடும் அந்த நீரூற்றைப் பார்த்துப் பார்த்து அலுக்கவில்லை. ஊரே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. யாழ்ப்பாணத்திலும் முனியப்பர் கோயிலடியில் அப்படி ஒன்று அமைத்தால் நகரத்துக்கு ஓர் அடையாளம் கிடைக்குமே?
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: ஜெனீவா என்றால் எங்கள் ஆட்களுக்கு ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் மார்ச் மாதத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். நீங்களாவது தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

ஆனால் அதை அழகுக்கென்று யாரும் தொடங்கவில்லை. 1886இல் அங்கே தண்ணீரின் அழுத்தத்தால்தான் பட்டறை இயந்திரங்களை ஓட்டினார்கள். பின்னேரம் பட்டறைக்காரர் குழாயைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் அழுத்தம் எகிறும். அதைத் தணிக்கத் தண்ணீரை மேலே திறந்துவிட்டார்கள். 30 மீற்றருக்கு எழும்பியது. குக்கர் விசில் மாதிரி ஒரு சங்கதி. சனம் வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டதால், அழுத்தம் தணிக்கும் வேலை அதற்கு இல்லாமல் போன பிறகும் விட மனமின்றி 1891இல் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு 140 மீற்றர், செக்கனுக்கு 500 லீற்றர். எங்கள் யாழ் மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை ஒரு முழுநாள் பாடுபட்டுத் தரக்கூடியது 24,000 கன மீற்றர். அவ்வளவையும் அது பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் வானத்துக்கு எறிந்துவிடும். அவர்களுக்கு நட்டமில்லை, எறிந்தது ஏரிக்குள்ளேயே விழுகிறது. நாங்களோ ஆறில்லாத ஊர். சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கிற நன்னீரை அள்ளிக் குடிக்கிறவர்கள்.

சின்னதாகக் கட்டலாமே என்பீர்கள். கட்டியதையும் பார்த்திருக்கிறேன், ஒரு பொது வளவில். இடத்தைச் சொன்னால் சண்டை வரும். திறப்புவிழாவன்று கலர் லைற்றோடு சீறியது, அடுத்த மாரிக்குள் மூச்சு நின்றது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். அந்த வெள்ளைப் படைதான் அங்கே துவாரங்களையும் அடைத்தது. கடைசியாகப் போனபோது ஒரு குழாய் வாயில் யாரோ ஐஸ்பழத் தடியைச் செருகியிருந்தார்கள். தொட்டியில் தேத்தண்ணி நிறத்தில் மழைநீர், அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு பார்க்க வரும் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என் வீட்டுப் பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்தப் பக்கம் அவர் கண் போகவில்லை போலும்.

மோட்டர் இல்லாத ஊற்றுத்தான் வேண்டுமென்றால் கீரிமலை இருக்கிறது. மதிலுக்கு அந்தப்பக்கம் கடல், இந்தப்பக்கம் கேணி. கரன்ட் பில் வராது. ஆடி அமாவாசைக்குப் போனால் கால்வைக்க இடமிருக்காது, அது வேறு கதை.

இன்னொன்று. காற்றுப் பலமாக அடித்தால் ஜெனீவாவில் ஊற்றை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும். அந்த வேலையை முறைபோட்டுச் செய்கிறவர்கள், நகரத்தின் நீர், மின்சார சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். கொக்குவிலில் பென்சன்காரர்களுக்குப் பஞ்சமில்லையே. முதலாவது முறைக்கு உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?