பல மாதங்களாக ஜெபித்தும் பதில் இல்லை, மனம் சோர்ந்துவிட்டது. கடவுளை இன்னும் எப்படி நம்புவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரே காரியத்துக்காக மாதக்கணக்கில் ஜெபித்தாயிற்று, உபவாசமும் இருந்தாயிற்று, எதுவும் அசையவில்லை. இப்போது முழங்காலில் நின்றால் வார்த்தையே வருவதில்லை. விசுவாசமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் நின்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் வேதாகமத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். கடவுளிடம் போய்ப் புலம்புவது அவிசுவாசம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படியானால் சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்துத் தண்டனை பெற்றார்களே என்பார்கள். அவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒருவரோடொருவர் முறுமுறுத்தார்கள், வேறு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று பேசினார்கள். கடவுளுக்கு முதுகு காட்டிப் பேசிய பேச்சு அது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபு பேசியதும் கடுமைதான், ஆனால் கடவுளிடம் நேருக்கு நேர் பேசினார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவிடம் அல்ல, கடவுளுக்காக வாதாடிய நண்பர்களிடம் (யோபு 42:7).

ஜெபிக்க வார்த்தை வராதபோது தாவீதின் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது: எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் எனக்குள்ளேயே குழம்பிக்கொண்டிருப்பேன், எதுவரைக்கும் சத்துரு உயர்ந்து நிற்பான். குற்றச்சாட்டு முழுதாக வெளியே வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வசனங்களில் விண்ணப்பமும் அதற்கான காரணமும்: என்னைப் பாரும், பதில் கொடும், இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன், எதிரி சிரிப்பான். கடைசி இரண்டில்தான் ‘நானோ உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன்’ என்ற திருப்பம். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக எங்கும் சொல்லவில்லை. எதிரி அங்கேயேதான் நிற்கிறான்.

பலர் தவறுவது அளவில்தான். முறையீட்டை ஒரு வரியில் முடித்துவிட்டு, மரியாதைக்காக உடனே ‘ஆனாலும் ஸ்தோத்திரம்’ என்று தாவிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும், வாய் மட்டும் ஸ்தோத்திரம் சொல்லும். சில நாளில் அந்த ஜெபமே போலியாகத் தோன்ற, நின்றுவிடும். தாவீது இரண்டு வசனம் முறையிட்டார், இரண்டு வசனம் கேட்டார், இரண்டு வசனம் நம்பினார். அதே அளவில் ஒரு தாளில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ‘கர்த்தாவே, வீட்டில் இனி யாரிடமும் இதைப் பற்றிப் பேச முடியாத நிலைக்கு வந்துவிட்டேன், நீர் பார்க்கிறீரா என்றே தெரியவில்லை’ என்பது போல, நடந்ததை நடந்தபடியே எழுதலாம். பத்து நிமிடம் போதும். அலங்காரம் எதுவும் வேண்டாம்.

கடைசிப் பகுதி வராவிட்டால்? அதற்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. பதினெட்டு வசனம், திருப்பமே கிடையாது, இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனால் முதல் வரி ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று அழைக்கிறது. அந்த நாளுக்கு அந்த ஒரு அழைப்பே போதுமான விசுவாசம் என்பது என் கருத்து. அதையும் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்களே.

அடுத்தது உடம்பு. இதை ஆவிக்குரிய ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். உடனே உபதேசம் வரவில்லை. தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபின்தான் ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்று கடவுளின் கேள்வி வருகிறது. அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: மெல்லிய சத்தத்தைக் கேட்டபிறகும் எலியா சொல்வது முன்பு சொன்ன அதே புலம்பல்தான், வார்த்தைக்கு வார்த்தை. பெரிய அனுபவம் கிடைத்த உடனே சோர்வு தீர்ந்துவிடவில்லை. அவருக்குக் கிடைத்தது செய்யவேண்டிய வேலை, தனக்குப் பின் வரப்போகும் எலிசா, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி.

அதனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருக்கும்போது உபவாசத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நள்ளிரவு ஜெபத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் ‘விசுவாசத்தால்’ அதை நிறுத்தக் கூடாது.

‘ஏதோ பாவம் தடையாக இருக்கிறது’ என்ற பேச்சு வரும். வேதத்தில் அதற்கு இடம் உண்டு: தவறான நோக்கத்தோடு கேட்பது (யாக்கோபு 4:3), மனைவியை மதிக்காமல் நடத்துவது (1 பேதுரு 3:7), மன்னிக்காமல் நிற்பது (மாற்கு 11:25). ஆகவே ஒருமுறை உட்கார்ந்து, அரைமணி நேரம், நேர்மையாகப் பாருங்கள். குறிப்பான ஒன்று தெரிந்தால், இன்னாருக்கு இந்தத் தொகை பாக்கி, இன்னாரிடம் இந்தப் பொய் சொன்னேன் என்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால், போய்ச் சரிசெய்யுங்கள். பெயரும் முகமும் இல்லாத குற்ற உணர்வு மட்டும் மிஞ்சினால் அதோடு எழுந்துவிடுங்கள். தினமும் தோண்டாதீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து ‘இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா’ என்று கேட்ட சீஷர்களுக்கு இயேசு இரண்டுமில்லை என்றுதான் சொன்னார் (யோவான் 9:3).

இதைவிட அதிகம் காயப்படுத்துவது வாக்குத்தத்த வசனத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்வது. எரேமியா 29:11 எல்லோருக்கும் மனப்பாடம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தைப் படித்திருக்கிறீர்களா? எழுபது வருடம் ஆனபிறகு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அதே சமயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சொன்னான் (28ஆம் அதிகாரம்). ஜனங்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பொய் சொன்னவன் அனனியா. உங்களிடம் ஒருவர் தேதி குறித்து, ‘இந்த மாதத்துக்குள் கர்த்தர் செய்வார்’ என்றால், அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டும்போது நீங்கள் இழப்பது அந்த மனிதர்மேல் வைத்த நம்பிக்கையை அல்ல, கடவுள்மேல் வைத்ததை.

அந்தக் கடிதம் காத்திருக்கும் காலத்துக்கு வேலையும் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், இருக்கும் நகரத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள். பதில் வந்தபிறகு செய்யலாம் என்று நீங்கள் தள்ளிவைத்திருப்பவற்றில், பதிலோடு சம்பந்தமே இல்லாத ஒன்றை எடுத்து இந்த வாரம் தொடங்குங்கள். படிப்போ, பல் வைத்தியமோ, நின்றுபோன நட்போ. முழு வாழ்க்கையையும் ஒரே விண்ணப்பத்தின்மேல் நிறுத்திவைத்தால் அது தாங்காது.

இனி விண்ணப்பம். அதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பர்திமேயு குருடன் என்பது கண்கூடு, ஆனாலும் ‘உனக்கு என்ன செய்யவேண்டும்’ என்று இயேசு கேட்டார். எழுதும்போது மூன்று சரக்கு ஒன்றாகக் கட்டியிருப்பது தெரியும்: தேவை, அது தீரவேண்டிய வழி, தீரவேண்டிய நாள். வேலை என்பது தேவை. இந்த நிறுவனத்தில் என்பது வழி. வருடம் முடிவதற்குள் என்பது நாள். மூன்றையும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் வழியும் நாளும் தவறிப்போனதை, தேவையையே கடவுள் மறுத்துவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இன்னொருவர் மனம் மாறவேண்டும் என்ற ஜெபமாக இருந்தால், அவருக்கும் சொந்த மனம் உண்டு என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கடவுள் அவரைப் பொம்மைபோல் ஆட்டவில்லை என்பதற்காக உங்கள் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று ஆகிவிடாது.

எத்தனை காலம் கேட்பது? வேதத்தில் ஒரே விடை இல்லை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் நடையாய் நடந்த விதவையின் உவமை, சோர்ந்துபோகாமல் கேட்கச் சொல்கிறது. பவுல் தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய ஒரு துன்பம் நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார், ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்தது, அதற்குமேல் கேட்டதாக அவர் எழுதவில்லை. தாவீது நோயுற்ற தன் குழந்தைக்காகத் தரையில் கிடந்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்ததும் எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வந்து சாப்பிட்டார். இயேசுவும் கெத்செமனேயில் மூன்றுதரம் அதே வார்த்தைகளைச் சொன்னார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. கதவு இன்னும் திறந்திருக்கிறது, மனமும் கேட்கிறது என்றால் கேளுங்கள். காரியம் முடிந்துவிட்டது என்றால் துக்கப்படுங்கள், அது தோல்வி அல்ல. நடுவில் நிற்பவர்கள் தினமும் கேட்பதை வாரத்துக்கு ஒருநாளாக்கலாம். மற்ற நாட்களில் வேறொருவருக்காக ஜெபிக்கலாம். இது பலருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்.

சாட்சி நேரத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்த பதில்களைக் கேட்டு மனம் கசந்தால், கொஞ்ச நாள் அந்த வேளைக்குப் பிந்திப் போவதில் குற்றமில்லை. ஆராதனையை மட்டும் அடியோடு விட்டுவிடாதீர்கள், தனிமையில் சோர்வு இரட்டிப்பாகும். சொந்தமாகச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லையே என்று தோன்றினால் 77ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆண்டவர் கிருபை செய்ய மறந்தாரோ என்று கேட்கிற அந்த மனிதர் பிடித்துக்கொள்வது தன் வாழ்க்கையில் நடந்த எதையும் அல்ல, அவர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் கடல் பிளந்ததை.

ஒரு ஆளிடம் சொல்லிவையுங்கள். போதகராக இருக்கவேண்டும் என்றில்லை, வாயடக்கம் உள்ளவராக இருந்தால் சரி. ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: ‘எனக்கு இப்போது ஜெபம் வரவில்லை. இந்த ஒரு காரியத்துக்காக இந்த மாதம் முழுவதும் எனக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். காரணம் எதுவும் சொல்லவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டால் போதும்.’