புயல் நேரத்தில் ஹாம் ரேடியோ: கருவியைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் வேதாரண்யம் பக்கம் பல நாள் செல்போன் வேலை செய்யவில்லை. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாக்கிடாக்கி கிடைக்கிறது. நண்பர்கள் நாங்கள் ஆளுக்கொன்று வாங்கி வைத்தால் அடுத்த புயலில் ஊருக்கு உதவலாமா? உரிமம் கட்டாயமா?

பதில்: கட்டாயம். இதற்கு வேண்டியது ஹாம் (அமெச்சூர்) ரேடியோ உரிமம், அதாவது தேர்வு எழுதிய தனியார் லாப நோக்கமின்றி ரேடியோவில் பேச அரசு தரும் அனுமதி. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் புயல் வரும்வரை அது அலமாரியில் கிடந்தாலும் உரிமமில்லாத கருவிதான், வைத்திருப்பதே குற்றம். 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் திறனில் இயங்கும் சிறிய கருவிகளுக்கு 2018 முதல் விலக்கு உண்டு. அவை சில தெருக்களைத் தாண்டினாலே பெரிது.

உரிமம் கிடைத்துவிட்டாலும் ஐந்து வாட் கைக்கருவியால் உங்கள் பிரச்சினை தீராது. தரையிலிருந்து தரைக்கு நாலைந்து கிலோமீட்டர் போகும். தோப்பும் வீடும் மறைத்தால் அதுவும் இல்லை. உயரமான கோபுரத்தில், வரும் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் தூரம் கூடும். ஆனால் செல்போன் கோபுரத்தைச் சாய்க்கிற காற்று ரிப்பீட்டரை மட்டும் விட்டுவைக்குமா? நாகப்பட்டினம் கலெக்டர் அலுவலகமோ உங்களிடமிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

அந்தத் தூரத்துக்கு ஏற்றது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பக்கத்துக்குப் பத்து மீட்டராக, மொத்தம் இருபது மீட்டர் கம்பியை ஆன்டெனாவாக நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். அலை ஏறக்குறைய நேர் மேலே போய், வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். தோட்டத்துக் குழாயை வானம் பார்த்துப் பிடித்தால் தண்ணீர் சுற்றிலும் விழுவது போல, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் கேட்கும். ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தோடு பேச அது தேவையில்லை. தாழ்வான கம்பி காற்றில் அறுந்தாலும் அரை மணியில் மறுபடி கட்டிவிடலாம். இருட்டியதும் பக்கத்து நிலையங்கள் மங்கிப் போகும், அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதற்குக் கம்பி இரு மடங்கு நீளம் வேண்டும். இந்த அலைவரிசைகளுக்கான நூறு வாட் கருவி பேசும்போது இருபது ஆம்பியர் வரை இழுக்கும். கார் பேட்டரியும் சோலார் தகடும் இல்லாமல் இறங்காதீர்கள்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோவில் பேசுவதற்காகவே போர்ட் பிளேரில் இருந்தார்கள். அந்தமானிலிருந்து அவர்களால் உடனே செய்தி அனுப்ப முடிந்ததற்குக் காரணம், ஆன்டெனா ஏற்கெனவே கட்டியிருந்தது. கேட்கிற ஆட்களும் இருந்தார்கள். புயல் அன்று பெட்டியைப் பிரிப்பவரால் இது ஆகாது.

ஆகவே முதலில் தேர்வு. 12 வயது நிறைந்தவர் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேத முறை) கிடையாது. ரேடியோ அடிப்படையும் விதிமுறையும்தான். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயர்) வந்ததும் ஒரு ஹாம் கிளப்பில் சேர்ந்து, வாராந்திர நெட்டில், அதாவது குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடும் ரேடியோக் கூட்டத்தில், பேசிப் பழகுங்கள். செய்தியை எழுதி, எண்ணும் நேரமும் இட்டுப் படிப்பது, எதிர்முனை அதைத் திருப்பிச் சொல்லும்வரை விடாதது, நெட் கட்டுப்பாட்டாளர் அழைக்கும்வரை வாய் திறக்காதது: உண்மையான வேலை இதுதான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரும் இல்லாததற்குச் சமம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1978ஆம் ஆண்டு அமெச்சூர் ரேடியோ விதிகளின்படி, வழக்கமான தொலைத்தொடர்பு செயலிழந்தால் ஹாம்கள் பிறர் செய்தியைக் கொண்டுசெல்லலாம். ஆனால் அது கலெக்டரிடமிருந்தோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமிருந்தோ வந்து, அத்தகையவருக்கே போக வேண்டும். உங்கள் பெயரும் அழைப்புக்குறியும் மாவட்டப் பேரிடர்ப் பிரிவில் ஐப்பசிக்கு முன்பே இருக்கட்டும்.

நண்பர்களில் மீனவர் இருந்தால், படகுக்கு வேண்டியது கடல்சார் வி.எச்.எஃப் கருவி. அதன் ஆபத்து அழைப்பு 16ஆம் சேனலில், 156.8 மெகாஹெர்ட்ஸில். ஹாம் உரிமம் அதற்குச் செல்லாது. தனி உரிமம் வாங்க வேண்டும்.